லேக் பவலில் ஹவுஸ்போட் விடுமுறை: முன்பதிவு முதல் திரும்பி ஒப்படைக்கும் வரை

ஆலப்புழையில் ஹவுஸ்போட் எடுத்தால் ஓட்ட ஒருவர், கரிமீன் பொரித்துத் தர ஒருவர் என்று படகோடு ஆட்களும் வருவார்கள். அமெரிக்காவின் லேக் பவலில் சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஐம்பது, அறுபது, எழுபது அடி நீளப் படகை ஓட்டுவதும், கரையில் கட்டுவதும், ஜெனரேட்டரைக் கவனிப்பதும், சமைப்பதும் உங்கள் குழுவின் வேலை. லாஸ் வேகஸிலிருந்தோ ஃபீனிக்ஸிலிருந்தோ நாலரை மணி நேர கார் பயணத்தில் எட்டிவிடலாம் என்பதால், சொந்தங்களும் நண்பர்களும் சேர்ந்து மூன்று நான்கு குடும்பமாகப் போகிறவர்கள் நிறைய. அப்படிப் போகிறவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி.

நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் தேதி

அரிசோனா மாநிலத்தில், யூட்டா எல்லைக்கு அருகே கொலராடோ ஆற்றை மறித்து நிற்கும் கிளென் கேன்யன் அணையின் நீர்த்தேக்கம்தான் லேக் பவல். 1963-இல் தண்ணீர் தேங்கத் தொடங்கி, நிரம்புவதற்கு 1980 ஆகிவிட்டது. நிரம்பினால் கடல்மட்டத்துக்கு மேல் 3,700 அடி, நீளம் 186 மைல். 2023-இன் தொடக்கத்தில் அது சுமார் 3,520 அடிக்கு இறங்கியது. நிரம்பிய நிலையைவிட 180 அடி கீழே! அதே ஆண்டு ஜூலைக்குள் பனி உருகிய தண்ணீர் வந்து 60 அடிக்கு மேல் ஏறியது. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத் தினமும் செய்தித்தாளில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

எந்தச் சரிவுத்தளத்தில் படகை இறக்கலாம், எந்தக் குறுக்குவழி திறந்திருக்கும், போன வருடம் நண்பர் தங்கிய மணல்கரை இந்த வருடம் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு எண்ணைப் பொறுத்தது. அணைகளைக் கவனிக்கும் அமெரிக்க அரசின் ரெக்லமேஷன் துறை அன்றாட நீர்மட்டத்தை இணையத்தில் போடுகிறது. பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். எண்ணை மட்டுமல்ல, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் சேர்த்து. பொதுவாக ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை ஏறும், மற்ற மாதங்களில் மெல்ல இறங்கும். இரவு படகை எப்படிக் கட்டுவது என்பதை இந்தத் திசைதான் முடிவு செய்யும்.

மாதத்தைப் பொறுத்தவரை எங்கள் தேர்வு செப்டம்பர். ஜூலையில் பகல் வெயில் 36, 37 டிகிரி செல்சியஸைத் தொடும். ஏசி இல்லாமல் தூக்கம் வராது, ஏசிக்கு ஜெனரேட்டர் ஓட வேண்டும், அதற்கு எரிபொருள் வேண்டும். செப்டம்பரில் தண்ணீர் இன்னும் குளிக்க இதமாக இருக்கும், மொட்டைமாடியில் படுத்துத் தூங்கலாம், வாடகையும் குறையும். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் சில்லென்றிருக்கும், காற்றும் பலமாக அடிக்கும். பள்ளி விடுமுறையை விட்டால் வழியில்லை என்றால் ஜூன் நல்லது. ஜூலை நடுவிலிருந்து பிற்பகல் இடிமழைக் காலம். அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4 வாரத்துக்கு எட்டு, பத்து மாதம் முன்பே பதிவு செய்தால்தான் பெரிய படகு கிடைக்கும்.

எங்கிருந்து புறப்படுவது, எவ்வளவு பெரிய படகு

தெற்கு முனையில், பேஜ் ஊரையொட்டி வாவீப், ஆன்டிலோப் பாயின்ட் என்ற இரண்டு படகுத்துறைகள். வடக்கே சுமார் 95 மைல் தள்ளி புல்ஃப்ராக். சால்ட் லேக் சிட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு புல்ஃப்ராக் வசதி, மற்றவர்களுக்கு வாவீப். நடுவில் டாங்லிங் ரோப் என்ற இடத்தில் முன்பு எரிபொருள் கிடைத்தது. 2021-இல் காற்றில் சேதமாகி மூடப்பட்டது. பழைய வரைபடத்தையும் பழைய பயணக் குறிப்பையும் நம்பி நடுவழியில் எரிபொருள் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.

படகின் விளம்பரத்தில் "12 பேர் தூங்கலாம்" என்றிருந்தால் அதில் சாப்பாட்டு மேசையை மடக்கிப் போடும் படுக்கையும் சேர்த்தி. பெரியவர்கள் எட்டுப் பேர் நிம்மதியாக இருக்க 12 பேர் படகு எடுங்கள். கழிப்பறை எத்தனை என்று கட்டாயம் கேளுங்கள், பத்துப் பேருக்கு ஒன்று போதாது. கூடவே ஒரு சிறிய மோட்டார் படகு எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். இந்த ஏரியின் அழகு முழுவதும் குறுகிய கிளைப் பள்ளத்தாக்குகளுக்குள் இருக்கிறது. ஹவுஸ்போட் அங்கே நுழைந்தால் திரும்ப இடம் இருக்காது. அடிபட்டவரைத் துறைக்குக் கொண்டுபோகவும் அதுதான் வண்டி.

படகு வாடகையோடு செலவு முடிந்துவிடாது. எரிபொருள், காப்பீடு, முன்பணம், தேசியப் பூங்காத் துறையின் நுழைவுக் கட்டணம் எல்லாம் தனி. குடும்பங்களுக்குள் பங்கு பிரிக்கும்போது எரிபொருளைக் கடைசியில் பிரித்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள், முன்கூட்டிச் சரியாகச் சொல்லவே முடியாது.

தூரம், எரிபொருள், அன்றாடத் திட்டம்

ஹவுஸ்போட்டின் வேகம் மணிக்கு ஆறிலிருந்து எட்டு மைல். பெரிய படகு ஒரு காலனுக்கு (கிட்டத்தட்ட நான்கு லிட்டர்) ஒரு மைல் ஓடும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். எதிர்க்காற்று இருந்தால் அதுவும் வராது. ஜெனரேட்டர் ஓடுகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு காலன் வரை தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கைத் தொடவே கூடாது.

நடு நீரோட்டத்தில் மிதவைகள் போட்டிருக்கிறார்கள். மிதவையில் உள்ள எண் அணையிலிருந்து எத்தனையாவது மைல் என்பதைச் சொல்லும். அணையிலிருந்து ஆற்றின் மேல்நோக்கிப் போகும்போது சிவப்பு வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். ஒவ்வொரு மிதவையையும் கடக்கும்போது எண்ணையும் நேரத்தையும் ஒருவர் நோட்டில் எழுதட்டும். எல்லாப் பாறையும் ஒரே செந்நிறத்தில் இருக்கும் ஏரியில் வழி தவறுவது மிகச் சுலபம். உதவி கேட்கும்போதும் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான்.

முதல்முறை போகிறவர்கள், நான்கு இரவுப் பயணம் என்றால், 20-ஆவது மைல் பக்கமுள்ள பாட்ரே பே தாண்டி ஹவுஸ்போட்டைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே விசாலமான விரிகுடா, மணல்கரைகள், சுற்றிலும் மொட்டைக் குன்றுகள். ஹவுஸ்போட்டை அங்கே கட்டிவிட்டுச் சிறிய படகில் சுற்றலாம். 49-ஆவது மைலில் பிரியும் பள்ளத்தாக்கின் உள்ளே ரெயின்போ பிரிட்ஜ் இருக்கிறது. 290 அடி உயர இயற்கைக் கல்வளைவு, 1910 முதல் தேசிய நினைவுச்சின்னம். நவஹோ உள்ளிட்ட பழங்குடி மக்களுக்கு அது புனிதத் தலம், ஆகவே வளைவின் அடியில் நடந்து போகாதீர்கள். நீர் குறைந்தால் துறையிலிருந்து நடக்கும் தூரம் கூடும், சில காலம் படகுத்துறையே எட்டாமல் போகும். கிளம்பும் முன் பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள். ஏரியின் தென்கரையில் பெரும்பகுதி, நவஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நேஷனின் எல்லையையொட்டியது. கரையிலிருந்து மேலே ஏறி நடக்க அவர்களின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

வாவீப்பிலிருந்து மேலே போக காஸில் ராக் கட் என்ற குறுக்குவழி உண்டு. நீர்மட்டம் இறங்கினால் அது வறண்டுவிடும், ஆன்டிலோப் தீவைச் சுற்றித்தான் போக வேண்டும். ஹவுஸ்போட்டுக்கு அது ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதல். முதல் நாள் திட்டம் குலைவது பெரும்பாலும் இங்கேதான்.

சாமான்கள்

பேஜில் வால்மார்ட்டும் சேஃப்வேயும் இருக்கின்றன. பருப்பு, மசாலா, இட்லி மாவு எல்லாம் ஊரிலிருந்தே வர வேண்டும். முதல் நாள் சமைக்க நேரமே கிடைக்காது, கட்டுச்சோறு கொண்டுபோங்கள். புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு வெயிலைத் தாங்கும். தயிர் சாதத்தை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே முடித்துவிடுங்கள். மிக்ஸியும் மைக்ரோவேவும் ஏசியும் ஒரே நேரத்தில் ஓடினால் பிரேக்கர் விழும். தேங்காய்ச் சட்னியை உறைய வைத்துக் கொண்டுவருவது நல்லது.

குடிதண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன், அதாவது கிட்டத்தட்ட நான்கு லிட்டர். படகுத் தொட்டித் தண்ணீரைக் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வையுங்கள். கட்டி ஐஸ் தூள் ஐஸைவிட இரண்டு மடங்கு நாள் நிற்கும். நங்கூரக் குழி வெட்ட ஷவல் இரண்டு, தோல் கையுறை இரண்டு ஜோடி, ஆளுக்கொரு தலை விளக்கு, கூடுதல் கயிறு.

தண்ணீரில் போட காலணியை மறக்கவே மறக்காதீர்கள். குவாகா என்ற அயல்நாட்டுச் சிப்பி இந்த ஏரியில் பரவிவிட்டது. நீர் இறங்கும்போது பாறையில் ஒட்டியபடி காய்ந்து, பிளேடு மாதிரி பாதத்தைக் கிழிக்கும். சொந்தப் படகு கொண்டு வருகிறவர்கள் திரும்பும்போது கழுவி, முழுக்க வடித்து, உலர்த்தித்தான் எடுத்துப்போக வேண்டும், இது சட்டம்.

அண்டங்காக்கைகள் விஷயத்தில் கவனம். கரையில் பையை விட்டால் ஜிப்பை அலகால் இழுத்துத் திறந்துவிடும். சாப்பாடும் குப்பையும் மூடியுள்ள பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

படகை உங்களிடம் ஒப்படைக்கும் நேரத்தில்

படகுத்துறை ஆள் ஒரு மணி நேரம் விளக்குவார். ஓட்டப்போகிற இருவரும் கூடவே நடந்து, முழுவதையும் கைப்பேசியில் வீடியோ எடுங்கள். மூன்றாம் நாள் தண்ணீர் பம்ப் நின்றுவிட்டால் அந்த வீடியோதான் கைகொடுக்கும். எரிபொருள் அளவு, ஜெனரேட்டர் மணி மீட்டர், ஏற்கெனவே உள்ள கீறல்கள், நங்கூரங்கள் நான்கும் கயிறுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். படகிலிருந்து துறையோடு பேசும் வி.எச்.எஃப். ரேடியோவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 16-ஆம் அலைவரிசை. வாவீப்பைத் தாண்டினால் கைப்பேசிக்குப் பெரும்பாலும் சிக்னல் கிடையாது. 12 வயதும் அதற்குக் குறைவானவர்களும் படகு ஓடும்போது உயிர்காப்புச் சட்டை போட்டிருக்க வேண்டும் என்பது இரு மாநிலச் சட்டமும்.

இருட்டிய பிறகு ஓட்ட வாடகை நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. நீங்களும் ஆசைப்பட வேண்டாம். பிற்பகல் மூன்று மணிக்குள் கரை பிடித்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும், முதல் இடம் சரிப்படாவிட்டால் இன்னொன்று தேடவும் வெளிச்சம் வேண்டும்.

கரையில் கட்டுவது

பயணத்தின் கஷ்டமான வேலை இதுதான், அதிகம் தப்பு நடப்பதும் இதில்தான். ஹவுஸ்போட் என்பது தண்ணீரில் மிதக்கும் பெரிய தகரச் சுவர். பக்கவாட்டில் காற்று அடித்தால் பாய் விரித்த தோணி மாதிரி நகர்ந்துவிடும்.

இடம் பார்க்கும்போது சாய்வு குறைந்த கெட்டி மணல் வேண்டும். நீர்மட்டம் தாழ்ந்த காலத்தில் சில கரைகள் மேலே மணலாகத் தெரியும், உள்ளே சேறு. சிறிய படகில் ஒருவர் முன்னால் போய், இறங்கி நடந்து, கம்பால் குத்திப் பார்க்கட்டும். தண்ணீருக்குள் மறைந்த பாறை இருக்கிறதா என்றும் அவரே பார்க்க வேண்டும். தலைக்கு மேலே விரிசல் விட்ட செங்குத்துப் பாறை இருக்கக் கூடாது. வறண்ட ஓடை வந்து சேரும் வாயில் எவ்வளவு அழகான மணல் இருந்தாலும் அங்கே வேண்டாம், அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே காட்டாறுதான்.

கரைக்கு நேராக, மிக மெதுவாக, முன்பக்கம் மணலில் ஏறும்படி வாருங்கள். ஏறியதும் எஞ்சினை அணைக்காதீர்கள். முன் கியரில் குறைந்த வேகத்தில் வைத்துப் படகைக் கரையோடு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழவே கூடாது. இந்த நேரத்தில் ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, பின்பக்கம் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.

காற்று வரும் பக்கத்தின் நங்கூரத்தை முதலில் போடுங்கள். படகின் பின்மூலையில் கட்டிய கயிறு ஏறக்குறைய 45 டிகிரி கோணத்தில் பக்கவாட்டாக முன்னோக்கி விரிந்து கரைக்கு வர வேண்டும். கயிறு வந்து சேரும் இடத்தில் மூன்றடி ஆழக் குழி வெட்டுங்கள். நங்கூரத்தின் கொழு முனைகள் படகைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள், ஏரின் கொழு மண்ணைக் குத்துகிற மாதிரி. அடுத்த வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குழியிலிருந்து படகுப் பக்கமாக, கயிறு படுத்துப் போவதற்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் கயிறு குழியின் விளிம்பில் ஏறி இறங்கும். காற்று இழுக்கும்போது விசை மேல்நோக்கிப் போய் நங்கூரத்தை மண்ணிலிருந்து பிடுங்கிவிடும். வாய்க்கால் இருந்தால் இழுக்க இழுக்க நங்கூரம் ஆழமாக இறங்கும். பிறகு மண் போட்டு மூடி, தண்ணீர் ஊற்றி மிதித்துக் கெட்டிப்படுத்துங்கள்.

மறுபக்கமும் அப்படியே. பக்கத்துக்கு இரண்டாக நான்கு நங்கூரம். கயிறுகளைப் படகிலிருந்து இழுத்து விறைப்பாகக் கட்டிய பிறகுதான் எஞ்சினை அணைத்து மேலே தூக்க வேண்டும். பக்கத்துக்கு இருவர் குழி வெட்ட, ஒருவர் படகில் கயிறு பார்க்க, ஒருவர் ஓட்ட என்று ஆறு பேர் இருந்தால் வேலை சுகமாக முடியும். யார் எங்கே என்று துறையிலேயே பிரித்துவிடுங்கள்.

நீர் ஏறும் காலத்தில் காலையில் எழுந்தால் நங்கூரக் குழி தண்ணீருக்குள் இருக்கும், கயிறு தளர்ந்திருக்கும், கரையில் விட்ட நாற்காலிகள் மிதந்து போயிருக்கும். குழிகளை நீர்விளிம்பிலிருந்து தள்ளி மேட்டில் வெட்டுங்கள். இறங்கும் காலத்தில் ஆபத்து வேறு மாதிரி. தினம் சில அங்குலம்தான் இறங்கும், ஆனால் மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் முப்பது டன் படகு மணலில் உட்கார்ந்துவிடும், பிறகு இழுவைப் படகு வந்துதான் எடுக்க வேண்டும். தினமும் காலையில் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, எஞ்சினால் சற்றுப் பின்னால் எடுத்து, மறுபடி இறுக்குங்கள். நீர்விளிம்பில் மாலையில் ஒரு குச்சி நட்டு வைத்தால் இரவில் எவ்வளவு மாறியது என்று காலையில் தெரிந்துவிடும்.

கார்பன் மோனாக்சைடு

இதைக் குழந்தைகள் உட்பட எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. 2000 ஆகஸ்டில் இதே ஏரியில் ஒரு ஹவுஸ்போட்டின் பின்பக்கம் நீந்திக்கொண்டிருந்த 8, 11 வயது அண்ணன் தம்பி இருவர் இறந்துபோனார்கள். பின்பக்க நீச்சல் மேடைக்கு அடியில் தண்ணீருக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு பெட்டி மாதிரி இடைவெளி இருக்கும். புகைக்குழாய் அங்கே திறந்தால் வாயு அதற்குள் தேங்கி நிற்கும். தலையை உள்ளே நீட்டினாலே சில மூச்சில் நினைவு தப்பிவிடலாம். நினைவு தப்பியவர் சத்தமில்லாமல் மூழ்கிவிடுவார். அதற்குப் பிறகு பல படகுகளில் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோய்விட்டார்கள். உங்கள் படகில் எங்கே திறக்கிறது என்று படகை எடுக்கும்போதே கேட்டுப் பாருங்கள்.

எப்படி இருந்தாலும் ஜெனரேட்டரோ எஞ்சினோ ஓடும்போது பின்பக்கம் யாரும் நீந்தக் கூடாது, மேடைக்கு அடியில் எப்போதுமே போகக் கூடாது. ஏசிக்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்குவதாக இருந்தால் எச்சரிக்கைக் கருவிகள் எல்லா அறையிலும் வேலை செய்கின்றனவா என்று பட்டனை அழுத்திப் பாருங்கள். பக்கத்தில் இன்னொரு படகை ஒட்டிக் கட்டினால் அதன் புகை உங்கள் ஜன்னலுக்கு வரும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் வெயில் என்று நினைத்துப் படுக்கப் போடாதீர்கள். உடனே திறந்த காற்றுக்குக் கொண்டுவந்து, ஜெனரேட்டரை அணைத்து, ரேடியோவில் 16-ஆம் அலைவரிசையில் கூப்பிடுங்கள்.

காற்றும் காட்டாறும்

வானிலை அறிக்கையில் காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டும் என்றால் அன்றைக்குப் படகை அவிழ்க்காதீர்கள். கட்டியிருக்கும்போது புயல் வந்தால் எஞ்சினை இறக்கி, முன் கியரில் மெதுவாகக் கரையோடு அழுத்திப் பிடியுங்கள், நங்கூரங்களின் மேல் சுமை குறையும். ஓடும்போது மாட்டிக்கொண்டால் திரும்பிப் போக முயலாமல், காற்றுக்கு மறைவான அருகிலுள்ள விரிகுடாவுக்குள் நுழையுங்கள்.

இடிமழைக் காலத்தில் குறுகிய பள்ளத்தாக்குகளுக்குக் காலையிலேயே போய்வந்துவிடுங்கள். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும், பல மைல் தள்ளிப் பாறை மேட்டில் பெய்த மழை சேறும் மரக்கட்டையுமாக உள்ளே வந்து இறங்கும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ இரைச்சல் கேட்டாலோ படகை நோக்கி ஓடாமல் பக்கத்துப் பாறையில் ஏறுங்கள்.

திரும்பும் நாள்

கடைசி இரவைத் துறையிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நங்கூரத்தைத் தோண்டி எடுப்பது புதைத்ததைவிட நேரம் பிடிக்கும், ஈரமணல் இறுகிப் போயிருக்கும். கட்டும்போது காற்றுப் பக்கம் முதலில், அவிழ்க்கும்போது காற்றுப் பக்கம் கடைசியில். குழிகளை மூடிவிட்டு, குப்பை ஒரு துண்டுகூட விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் தங்குகிறவர்கள் மனிதக் கழிவையும் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்பது பூங்கா விதி.

துறையில் எரிபொருள் நிரப்பவும் கழிவுத்தொட்டியை உறிஞ்சி எடுக்கவும் வரிசை நிற்கும், ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். கடிகாரத்தையும் சரிபாருங்கள். கோடையில் யூட்டா நேரம் அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும், ஏரியோ இரண்டு மாநிலத்திலும் கிடக்கிறது. கைப்பேசி எந்த மாநிலச் சிக்னலைப் பிடித்ததோ அந்த நேரத்தைக் காட்டும். வாவீப்பில் அரிசோனா நேரம், புல்ஃப்ராக்கில் யூட்டா நேரம். சமையலறையில் ஒரு சாதாரண சுவர்க்கடிகாரத்தைத் துறையின் நேரத்துக்கு வைத்து மாட்டிவிட்டால் தாமதக் கட்டணம் கட்ட வேண்டியிருக்காது.